மேற்பல் இரண்டு

கென்ட் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும்,
டிராம் தண்டவாளத்தை நேர்க்குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும்.
சாய்ந்து போனால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்.
இறங்கிய சக்கரம் டிராம் போகிற ஊருக்குப் போகும்.
நீங்கள் வேறெங்காவது போய்க்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கும் தெரியும்.
பதினோரு வருடமாகத் தெரியும்.

அன்று காலையிலேயே சகுனம் சரியில்லை.
சீட்டுக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை
யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.
வண்டி திருடுவார்கள், விளக்கு திருடுவார்கள்,
மழைநாளில் பையைத் திருடுகிறவன்
எப்பேர்ப்பட்ட ஏழையோ.
ஈர சீட்டில் உட்கார்ந்தேன்.
பாலத்தில் எதிர்க்காற்று.
திரும்பி வரும்போதும் எதிர்க்காற்றாகத்தான் இருக்கும்,
இங்கே யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை.

கூரியர் பையனுக்குக் காய்ச்சல்.
அதனால் என் பின்பையில் ஒரு டப்பா,
டப்பாவுக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள்
ஹிலேர் டோண்ட் என்பவரின் மேற்பல் இரண்டு,
ஒட்டிப் பிறந்த இரட்டைபோல.

நான் செய்தவை.
நிறத்துக்கே மூன்று நாள் ஆனது.
மனிதர் டிராம்போன் வாசிக்கிறவர், ஓயாமல் காப்பி குடிக்கிறவர்.
வெள்ளை வெளேரென்று இருந்தால்
பொய்ப்பல் என்று பல்லே சொல்லிவிடும்.

சைக்கிள் பாதையில் ஒரு வேன்,
நாலு விளக்கும் கண்சிமிட்ட,
ஐந்தே நிமிடம் என்கிற பாவனையில்.
விலகினேன்.
சாய்ந்து விலகினேன்.

விழும்போது நிறைய நேரம் இருக்கிறது.
அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தேன்.
முழங்கையை ஊன்றக் கூடாது என்று யோசித்தேன்.
ஊன்றினேன்.

முன்பெட்டியில் மூன்று பிள்ளைகளோடு வந்த பெண்
பிரேக் கிறீச்சிட நின்றாள்.
"எலும்பா?"
"பல்."
என் வாயை உற்றுப் பார்த்தாள்.
"என்னுடையது இல்லை," என்றேன்.
அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

டப்பா கிடந்தது. பஞ்சு கிடந்தது.
கருங்கல் பாவிய தெருவில்
ஒவ்வொரு கல்லிடுக்கும் ஒரு ஈறுதான்,
பல் போய் ஒளிய எத்தனை இடம்!

டிராம் வந்தது. மணி அடித்தது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி என்னவென்று கேட்டார்,
சொன்னேன்,
அதன்பின் மணி அடிக்கவில்லை.
ஜன்னல்தோறும் நெற்றிகள்.
ஒரு நகரத்தின் எட்டு மணி
என் முழங்காலடியில் நின்றது.

கண்டெடுத்தவன் யோரெ, ஆறு வயது,
முன்பல் இரண்டும் விழுந்தவன்.
சிகரெட் துண்டுக்கும் வாடிய இலைக்கும் நடுவிலிருந்து எடுத்து
உள்ளங்கையை மூடிக்கொண்டான்.
"தலையணைக்கடியில வெச்சா இதுக்கு எவ்ளோ கிடைக்கும்?"
நியாயமான கேள்வி.
அம்மா விரல் விரலாகப் பிரித்தாள்.

கிளினிக்கில் அன்னலோரெ என் கிழிந்த சட்டைக்கையைப் பார்த்தாள்,
டப்பாவைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் பற்களை இரண்டு முறை கழுவினாள்.
நாற்காலியில் ஹிலேர்.
எப்படிப் போயின என்று நான்தான் கேட்டேன்.
"மார்ச்சில். அந்த வளைவு. பீட்ஸ்," என்றார்.

இந்த ஊர் மொழியில் சைக்கிள் என்பது ஃபீட்ஸ்.
மேற்பல் கீழிதழைத் தொட்டால்தான்
அந்த முதல் ஒலி பிறக்கும்.
ஏழு மாதமாக அவர்
தன்னை விழுத்தாட்டியதன் பெயரைக்கூடச் சரியாகத் திட்ட முடியாமல்
இருந்திருக்கிறார்.

பொருத்தினாள். கடிக்கச் சொன்னாள்.
கண்ணாடி வேண்டாமென்று கையசைத்துவிட்டு
மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்:
ஃபீட்ஸ்.
அப்புறம் அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து
இன்னொரு முறை, அழகாக.

எந்த வளைவு என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஹேண்டில் இடப்பக்கம் கோணிவிட்டது.
நேராகப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.
வளைவு வந்ததும் இறங்கித் தள்ளினேன்,
நேர்க்குறுக்கே, பாடப்புத்தகம்போல.

வேன் இன்னும் அங்கேயே நின்றிருந்தது,
ஐந்தே நிமிடம்.